உப்பில்லாத ஒரு நாள்

தெற்கு உத்தர வீதி, ஸ்ரீரங்கம்
12 மே 2025

சௌபாக்யவதி ஜாஹ்னவிக்கு,

ஆசீர்வாதம் என்று எழுத வேண்டிய இடம் இது. எழுத மனசு வரவில்லை. விட்டுவிட்டு மேலே போகிறேன்.

நீ என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். உன் அண்ணா ராகவன் போனை எடுத்து, "அவ பேசமாட்டாளாம் ரகு, நான் என்ன பண்ணட்டும்" என்று வைத்துவிடுகிறார். அதனால் கடுதாசி. ஸ்ரீரங்கத்துக்கும் திருவெறும்பூருக்கும் நடுவில் கடலா இருக்கிறது? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். கட்டின பெண்டாட்டிக்கு ஸ்பீடு போஸ்ட் அனுப்புகிறேன். கவுண்டரில் இருக்கும் பெண் முகவரியைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கப்போகிறாள்.

சித்திரைத் திருவோணத்தன்று பெருமாள் உள்ளில் சேவித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தவன் நான். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நான். டிஸ்சார்ஜ் ஆகி வந்த ஐந்தாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினது நீ. எந்த ஆத்திலாவது இப்படி நடக்குமா? எதிராத்துக்காரர், "மாமி ஊருக்குப் போயிருக்காளா" என்று தினமும் கேட்கிறார். ஆமாம் என்கிறேன். வேறென்ன சொல்ல.

ரங்கம்மா அக்கா இல்லாவிட்டால் நான் பட்டினி. மேல சித்திரை வீதியிலிருந்து இந்த வெயிலில், அறுபத்துமூணு வயசில், சுகரை வைத்துக்கொண்டு, இரண்டு வேளையும் வந்து தளிகை பண்ணிவிட்டுப் போகிறாள். கூடப் பிறந்தவள் என்றால் அவள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ரத்தத்தில் கிரியாட்டினின் மூணு புள்ளி நாலில் நிற்கிறது; ஒண்ணுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். விழுவதற்கு முன்னால் இரண்டு சொச்சம் இருந்தது என்பது உனக்கே தெரியும். கிட்னி இனி பழைய நிலைக்கு வராதாம். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, டயாலிசிஸ் வரும், அதற்கு முன்பே யார் கிட்னி கொடுப்பார்கள் என்று வீட்டில் பேசி வையுங்கள் என்றார் டாக்டர் அஃபீஃபா. நானும் அக்காவும் பேசினோம். நமக்குக் குழந்தை இல்லை. அக்காவுக்கு சுகர். உனக்கும் எனக்கும் ஓ பாசிடிவ். உனக்கு ஐம்பத்தொண்ணுதான், ஒரு தலைவலி கிடையாது, பெருமாள் கிருபை. ஆகையால் நீதான் என்று முடிவு செய்து டாக்டரிடம் உன் பேரைக் கொடுத்தாயிற்று.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமையே வந்துவிடு. கோபத்தை வந்து காட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

ரகுநந்தன்

*

திருவெறும்பூர்
17 மே 2025

உங்களுக்கு,

வெள்ளிக்கிழமை வந்துட்டுப் போயிடுத்து. நான் வரலை.

பேரைக் கொடுத்தாச்சா? ரேஷன் கார்டுல பேர் சேர்க்கறேளா? யார் பேரை யார் யார்கிட்ட கொடுக்கறது? படிச்சுட்டு நான் கத்தின கத்தல்ல அண்ணா பயந்துபோய்த் தண்ணி கொண்டுவந்து கொடுத்தான்.

நான் ஏன் போனேன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரியாத மாதிரி ஒரு கடுதாசி. எதிராத்து மாமாவெல்லாம் அதுல வரார், நான் போன காரணம் மட்டும் வரலை. சரி, நான் சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உங்க பி.பி. நூத்தி எண்பதுன்னு சொல்லி, உப்பைக் குறைங்கோன்னா டாக்டர். அன்னியிலேர்ந்து உங்களுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி. உங்க சாத்தமுதைத் தனியா இறக்கி வெச்சுட்டுத்தான் மிச்சத்துக்கு உப்புப் போட்டேன். அப்பளம் நிறுத்தினேன். மாவடு ஜாடியை உங்க அக்கா ஆத்துக்குக் கொடுத்தனுப்பினேன். ஜாடி போச்சு, நீங்களும் பின்னாடியே போனேள்னு எனக்குத் தெரியலை.

பி.பி. இறங்கலை. டாக்டர் குழம்பிப்போய், ஒரு நாள் முழுக்கப் போற சிறுநீரைக் கேன்ல பிடிச்சுண்டு வாங்கோ, எவ்வளவு உப்பு வெளில போறதுன்னு பார்த்தா எவ்வளவு உள்ள போறதுன்னு தெரிஞ்சுடும்னா. பங்குனித் திருவோணத்தன்னிக்குப் பிடிச்சோம். முப்பது வருஷமா மாசாமாசம் திருவோணத்துக்கு ஒப்பிலியப்பனை நினைச்சு உப்பில்லாத விரதம் இருக்கேள். அன்னிக்கு உங்க நாக்குல உப்பு படாது. ரிசல்ட் நாலு கிராம்னு வந்தது. ரொம்ப நல்லதுன்னு சொல்லிட்டு டாக்டர் உங்களைப் பார்த்துக் கேட்டா, "தினமும் இதே மாதிரிதானே சாப்பிடறீங்க?" நீங்க தலையாட்டினேள். என் பக்கத்துல உட்கார்ந்துண்டு, நெத்தியில திருமண்ணோட, தலையாட்டினேள்.

அவ நம்பிட்டா. உப்புல கோளாறு இல்லை, வியாதிதான் முரடுன்னு நினைச்சு மாத்திரையை ஏத்தினா. நீர் பிரிய ஒண்ணு, பி.பி.க்கு வீரியமா இன்னொண்ணு. அடுத்த திருவோணம் சித்திரையில, அந்த வெயில்ல வந்தது. உப்பும் கிடையாது, தண்ணியும் சரியாக் குடிக்கலை, மாத்திரையை மட்டும் முழுங்கினேள். பி.பி. எழுபதுக்கு இறங்கி, கிட்னிக்கு ரத்தமே போகாம விழுந்தேள்.

நீங்க ஐ.சி.யூ.ல இருக்கறச்ச உங்க அக்கா கூடத்துல உட்கார்ந்து அழுதுண்டே சொன்னா. "முந்தாநாள் சாயங்காலம்கூட என் கையால தயிர் பிசைஞ்ச தச்சி மம்மு வாங்கிச் சாப்பிட்டானே, இன்னும் கொஞ்சம் மாவடு ஜலம் விடுன்னு கேட்டானே." அன்னிக்கு மட்டும் இல்லை, தினமுமாம். கோவிலுக்குப் போய் சேவிச்சுட்டு வரேன்னு கிளம்புவேளே, அந்த ரெண்டு வருஷமும்.

என் ஆத்துக்காரர் வெளில கை நனைக்கமாட்டார்னு ஊர் பூராப் பெருமையடிச்சுண்டேன். ஹோட்டல் வாசப்படி மிதிக்காத மனுஷன்மேல எனக்குச் சந்தேகம் எப்படி வரும்? அக்கா ஆம் வெளியில சேராதுன்னு எனக்குத் தோணவே இல்லை.

உடம்புலேர்ந்து ஒண்ணை அறுத்துக் கொடுக்கணும்னா, முதல்ல கேக்கணும். நீங்க கேக்கக்கூட இல்லை. கொடுத்தாச்சுன்னு எழுதறேள். நான் கொடுக்கமாட்டேன்.

ஜாஹ்னவி

*

ஸ்ரீரங்கம்
21 மே 2025

ஜாஹ்னவிக்கு,

வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறாய். ராகவனும் அவர் ஆத்துக்காரியும் படித்துவிட்டுத்தான் போஸ்ட் பண்ணியிருப்பார்கள். பண்ணட்டும்.

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். திருவோணத்தன்று கேன் வைக்கலாம் என்று நாள் குறித்தது யார்?

லேபில் அந்தப் பெண், எந்த நாளாக இருந்தாலும் சரி என்றாள். காலண்டரைப் பார்த்தது நீ. "அன்னிக்கு எப்படியும் ஆபீஸுக்கு லீவு போடுவேள், ஆத்துலயே இருப்பேள், கேனைத் தூக்கிண்டு காலேஜுக்குப் போக வேண்டாம்" என்று சொன்னது நீ. "விரத நாள், உடம்பும் சுத்தமா இருக்கும்" என்று சொன்னதும் நீயேதான். நான் தலையாட்டினேன் என்று எழுதுகிறாயே, உனக்கும்தான் தலையாட்டினேன். அது மட்டும் உனக்கு மறந்துவிட்டதா?

இரண்டு வருஷம் எனக்குத் தனிப் பாத்திரம் என்கிறாய். எனக்குத் தெரியாதா? தளிகை உள்ளில் ஒரு மூலையில் தீட்டுப் பாத்திரம் மாதிரி அது தனியாக உட்கார்ந்திருக்கும். விருந்தாளி நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "அவருக்கு அது போடாதீங்கோ, பி.பி." என்று சத்தமாகச் சொல்வாய். கல்யாணப் பந்தியில் என் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்தாய். காலேஜ் ஆபீஸ் சூப்பரின்டெண்ட், நூறு பேர் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள், என் இலையிலிருந்து அப்பளத்தை எடுத்தாய். சாதம் போடும்போதெல்லாம் மூஞ்சியைப் பார்ப்பாய், முழுங்குகிறானா என்று. நீ எனக்குப் போட்டது சாதம் இல்லை, மருந்து. அக்கா போட்டது சாதம். போனேன். பசித்தவன் போவான்.

இப்போது அக்கா இந்துப்பு வாங்கி வைத்திருக்கிறாள். அது கடல் உப்பு மாதிரி இல்லை, பி.பி. ஏறாது, கிட்னிக்கே நல்லது என்று நாட்டு மருந்துக் கடைக்காரரே சொன்னாராம். இரண்டு வாரமாக அதில்தான் தளிகை. வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகிறேன். நீ இரண்டு வருஷம் கண்டுபிடிக்காததை அவள் இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள்.

கொடுக்கமாட்டாய் என்றால் கொடுக்காதே. பெண்டாட்டி கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள் என்று டாக்டரிடம் நான் கேட்டுக்கொள்கிறேன்.

ரகு

*

திருவெறும்பூர்
26 மே 2025

உங்களுக்கு,

நாள் குறிச்சது நான். வாயை மூடிண்டது நீங்க.

உங்க கடுதாசியைப் படிச்சப்புறம் ரெண்டு நாள் எனக்குச் சாதம் இறங்கலை. நீங்க சொன்னது நெஜம். டெஸ்ட்னாலே வெறும் வயிறு, குளிச்சுட்டுப் போகணும், சுத்தமா இருக்கணும்னு பழகினவ நான். விரத நாள்னா இன்னும் விசேஷம்னு நினைச்சேன். உப்பு எவ்வளவு சாப்பிடறார்னு பார்க்கற டெஸ்டை, உப்பே சாப்பிடாத நாளாப் பார்த்து வெச்ச புத்திசாலி நான்தான். இதை யார்கிட்ட சொல்லிக்கறது? ஊர்ல வேற யாருக்காவது இந்த மூளை வேலை செய்யுமா?

ஆனா ஒண்ணு. எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். நாலு கிராம்னு அவ படிச்சப்ப, அது பொய்னு அந்த ரூம்ல தெரிஞ்சவர் நீங்க ஒருத்தர்தான்.

சனிக்கிழமை டாக்டரைப் போய்ப் பார்த்தேன். உங்களுக்காகப் போகலை, என் மனசு ஆறலை, போனேன். திருவோணத்தைச் சொன்னேன், மாவடுவைச் சொன்னேன். அவ என்னைத் திட்டலை. "அன்னிக்கு என்ன சாப்பிட்டார்னு நான் கேட்டிருக்கணும்மா"ன்னா. அப்புறம் ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டினா. உப்பு உள்ள போனா உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்குமாம். தண்ணி கூடினா ரத்தம் கூடும், குழாய்ல அழுத்தம் ஏறும். கிட்னிக்குள்ள லட்சக்கணக்குல சல்லடை இருக்காம், தலைமயிரைவிட மெல்லிசு. அந்த அழுத்தம் தினமும் அதுமேல போய் மோதி மோதி, சல்லடை தடிச்சு, கிழிஞ்சு, ஒண்ணொண்ணா அடங்கிடுமாம். சல்லடை குறையக் குறைய உப்பை வெளியேத்த முடியாது. உப்பு தங்கினா பி.பி. இன்னும் ஏறும். உங்க சாயங்கால தச்சி மம்மு அங்கதான் போயிருக்கு.

எவ்வளவு சாப்பிடலாம்னு கேட்டேன். ஒரு நாள் பூராவுக்கும், எல்லாத்துலயும் சேர்த்து, ஒரு டீஸ்பூனுக்குள்ளன்னா. ஒரு மாவடுவை ஜலத்தோட பிசைஞ்சா அதுல பெரும்பங்கு அங்கயே தீர்ந்துடும்.

இந்துப்பு பத்தியும் கேட்டேன். சிரிச்சுட்டா. நிறம்தான் வேறயாம், அதுவும் உப்புதான். அதைவிட மோசம், கடையில டப்பாவுல சோடியம் கம்மி உப்புன்னு ஒண்ணு விக்கறாளாம். அதுல பொட்டாசியம். கிட்னி கெட்டவா அதைச் சாப்பிட்டா இருதயமே நின்னுடலாமாம். அடுத்தாப்புல உங்க அக்கா அதை வாங்கிண்டு வரப்போறா. வந்தா வாசலோட திருப்பி அனுப்புங்கோ.

வெளில பெஞ்சுல கிட்னி கொடுக்க வந்தவா ஆறு பேர் உட்கார்ந்திருந்தா. அதுல அஞ்சு பொம்மனாட்டி. பொன்மலைலேர்ந்து வஹீதான்னு ஒருத்தி, புருஷன் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல வேலை. எப்படிம்மா சம்மதிச்சேன்னு கேட்டேன். "ரெண்டு மாசம் சொல்லவே இல்லீங்க அவரு. அப்புறம் ஒரு நாளு அழுதுக்கிட்டே கேட்டாரு, நான் சரின்னுட்டேன்"னா. எனக்கு அவமேல பொறாமையா இருந்தது. அவளை அவ புருஷன் கேட்டிருக்கார்.

எழுதுங்கோ. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியாம என்னென்ன சாப்பிட்டேள்னு ஒண்ணு விடாம எழுதுங்கோ. பெருமாளுக்கு விரதம், டாக்டருக்குப் பொய், பெண்டாட்டிக்கு நாடகம்னு மூணு மனுஷாளா இருக்காதீங்கோ. அதை எழுத முடியலைன்னா இனிமே கடுதாசி போடாதீங்கோ.

ஜாஹ்னவி

*

ஸ்ரீரங்கம்
3 ஜூன் 2025

ஜானு,

நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

ஆபீஸ் மேஜை டிராயரில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. அதில் பொடி உப்பு. நீ கட்டிக்கொடுக்கும் சாதத்தில் தூவிக்கொள்வேன். பக்கத்து சீட்டு ஜமால் ஒரு நாள் பார்த்துவிட்டு, "என்ன சார், மாத்திரையும் போடுறீங்க, உப்பும் போடுறீங்க" என்றான். இது வேற உப்பு, டாக்டரே கொடுத்தது என்றேன். அவனிடமும் பொய்.

மூணு மணிக்கு உப்புக்கடலை. அதை வறுத்துக் கொடுப்பதும் அக்காதான், வெளியில் வாங்கியதில்லை. சாயங்காலம் சேவித்துவிட்டு அக்கா ஆம். தச்சி மம்மு, மாவடு இரண்டு, சில நாள் மூணு, ஒரு கரண்டி ஜலம். செவ்வாய்க்கிழமை பொரித்த அப்பளம். மோரில் உப்பு. பிறகு வாயை இரண்டு தடவை கொப்பளித்துவிட்டு ஒரு துளசியைப் போட்டுக்கொண்டு உன்னிடம் வந்து, நீ போடுகிற உப்பில்லாத சாதத்தை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுவேன். சுளிப்பதுகூட நாடகம்தான். வயிறு அங்கேயே நிறைந்திருக்கும்.

டாக்டர் நாலு கிராம் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தப்பித்தேன் என்று தோன்றியது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் நீ கேட்டாய்.

ஏன் என்று கேட்பாய். எங்கப்பாவை உனக்குத் தெரியாது, நம் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் போய்விட்டார். கிட்னிதான். கடைசி எட்டு மாசம் உப்பில்லாத கஞ்சி. அவர் கண்ணில் ஜலம் விட்டுக்கொண்டு, "ஒரு கல் போடுடா ரகு" என்பார். நானும் அக்காவும் போடமாட்டோம். போடாமலே போய்ச் சேர்ந்தார். நீ முதல் நாள் உப்புக் குறைத்து என் முன்னால் வைத்தாயே, அன்று எனக்கு அந்தக் கஞ்சிதான் தெரிந்தது. சாகப்போகிறவன் சாப்பாடு. அக்காவுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவள் ஒரு நாளும் என்னை வேண்டாம் என்று தடுக்கவில்லை.

திருவோணத்தன்று மட்டும் எனக்குக் கஷ்டமே இருந்ததில்லை. மறுநாள் உண்டு என்று தெரியுமே. முப்பது வருஷம் விரதம் என்று மார்தட்டிக்கொண்டது அவ்வளவுதான்.

நீ ஆத்தை விட்டுப் போனதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை.

ரகு

*

திருவெறும்பூர்
8 ஜூன் 2025

படிச்சேன்.

உங்கப்பா சங்கதியை இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நாள் சொல்லியிருந்தா, நான் அந்தச் சாதத்தை வேற விதமாக் கொடுத்திருப்பேனே. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, மிளகு ஜீரகம் வறுத்துப் போட்டு, புளியைக் கொஞ்சம் தூக்கலா வெச்சு, எப்படியாவது ருசி பண்ணியிருப்பேன். நான் மருந்துன்னு போட்டேன், நீங்க கஞ்சின்னு பார்த்தேள். வாயைத் திறந்து சொன்னா என்ன குறைஞ்சுடும் உங்களுக்கு?

உங்கப்பாவுக்கு அது கடைசியில கொடுத்தது. எல்லாம் போனப்புறம். உங்களுக்கு முன்னாடியே கொடுத்தேன், போகாம இருக்கணும்னு. இது கூடப் புரியலையா ஒரு படிச்ச மனுஷனுக்கு?

கோபம் போகலை. துளசியைப் போட்டுண்டு என் முன்னாடி வந்து நின்னேளே, அதை நினைக்கறச்சயெல்லாம் பத்திண்டு வரது.

மறுபடியும் கேன் வாங்குங்கோ. திருவோணமும் வேண்டாம், ஏகாதசியும் வேண்டாம், சாதாரண நாளாப் பாருங்கோ. இப்ப என்ன சாப்பிடறேளோ அதையே சாப்பிட்டுட்டுக் கொடுங்கோ. ஒரு நாளைக்கு நெஜத்தை அந்தக் கேன்ல பிடிச்சுக் கொடுங்கோ, பார்ப்போம்.

ஜாஹ்னவி

*

ஸ்ரீரங்கம்
22 ஜூன் 2025

ஜானு,

பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, கேன் வைத்தேன். அன்று ஆபீஸுக்கும் போனேன். கேனை ஒரு துணிப்பையில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அதைவிட வெட்கக்கேடு இனி எனக்கு எதுவும் வராது. அக்கா தளிகையைத்தான் சாப்பிட்டேன், எல்லாம் இந்துப்பு.

பதிமூணு கிராம்.

டாக்டர் பேப்பரை என் பக்கம் திருப்பி வைத்தார். நானே சொன்னேன். போன தடவை தலையாட்டினது பொய் என்றேன். "இப்ப சொன்னீங்களே சார், அதுவே போதும்" என்றார். இனி உப்பு குறையப்போகிறது என்பதால் இரண்டு மாத்திரையைக் குறைத்தார். விரத நாளில் எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். உப்பை ஐந்து கிராமுக்குள் கொண்டுவந்தால் மிச்சம் இருக்கிற கிட்னி நாலைந்து வருஷம் ஓடலாம், அதற்கு மேலும் ஓடலாம், மாற்றுக் கிட்னிப் பேச்சை இப்போதைக்கு ஒத்திவைக்கலாம் என்றார்.

நேரே அக்கா ஆத்துக்குப் போனேன். இந்துப்புப் பையைத் தூக்கித் தெருவில் வீசினேன். மாவடு ஜாடியை முற்றத்தில் கவிழ்த்தேன். அக்கா, "பாவி, பெருமாள் அமுது செய்த பிரசாதம்டா" என்று கத்தினாள். நானும் கத்தினேன். "அப்பாவுக்குப் போடாத உப்பையெல்லாம் எனக்குப் போட்டுட்ட" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. அவள் கவிழ்ந்த ஜாடியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டாள். இப்போது அவளும் என்னுடன் பேசுவதில்லை. பத்து நாளாக நானே பொங்கிக்கொள்கிறேன். சாதம் ஒரு நாள் குழைகிறது, ஒரு நாள் அரிசியாக இருக்கிறது.

இன்னொன்று. டாக்டரிடம் உன் பேரை அடித்துவிடச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அதை அப்புறம் பேசலாம் சார்" என்றார். பரவாயில்லை, நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். நீ கொடுக்க வேண்டாம். நானே வந்து காலில் விழுந்து கேட்டாலும் கொடுக்காதே. நான் கெடுத்துக்கொண்டதற்கு நீ ஏன் வயிற்றைக் கிழித்துக்கொள்ள வேண்டும்.

வருகிறாயா என்று கேட்கமாட்டேன். கேட்டால் கிட்னிக்காகக் கேட்கிறான் என்று நினைப்பாய்.

ரகு

*

திருவெறும்பூர்
28 ஜூன் 2025

உங்களுக்கு,

என் பேரைக் கொடுக்க நீங்க யாருன்னு கேட்டேன். இப்ப அடிக்க மட்டும் நீங்க யாரு? உடம்பு என்னோடது.

உங்க கடுதாசி வரதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே நான் போயிட்டேன். யாருக்கும் சொல்லலை, அண்ணாவுக்குக்கூடத் தெரியாது. டாக்டர்கிட்ட போய், என்னைப் பரிசோதனை பண்ணுங்கோன்னேன். உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்கோ. கோபத்தோடதான் போனேன். கொடுத்துட்டு, உயிரோட இருக்கறவரைக்கும் சொல்லிக் காட்டணும்னு போனேன். காலம்பற காப்பி கொடுக்கறச்ச ஒரு தடவை, சாயங்காலம் விளக்கேத்தறச்ச ஒரு தடவைன்னு மனசுக்குள்ள வசனம்கூட எழுதி வெச்சாச்சு.

முதல்ல பி.பி. பார்த்தா. மறுபடியும் பார்த்தா. மெஷின் சரியில்லையோன்னு வேற மெஷின்ல பார்த்தா. வேற ரெண்டு நாள் வரச்சொல்லிப் பார்த்தா. நூத்தி அறுபத்தி நாலுக்குக் கீழ ஒரு தடவைகூட வரலை. யூரின்ல புரோட்டீன் போறதாம். கிரியாட்டினினும் கொஞ்சம் ஏறியிருக்காம். எத்தனை வருஷமா இப்படி இருக்கோ தெரியாது, எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லைன்னு நீங்களே எழுதியிருக்கேளே. அதுக்கு வலி கிடையாதாம். சத்தம் போடாமத்தான் சல்லடையைக் கிழிக்குமாம்.

"இது கொடுக்கிற கிட்னி இல்லைம்மா, காப்பாத்த வேண்டிய கிட்னி"ன்னா டாக்டர் அஃபீஃபா. என் கையைப் பிடிச்சுண்டு சொன்னா. எனக்கு அழுகை வரலை. அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

நான் என்ன சாப்பிட்டேன் தெரியுமா? உங்களுக்குத் தனியா எடுத்துட்டு, மிச்சத்துல எப்பவும் போடற உப்பைப் போட்டு, நான் ஒருத்தியே சாப்பிட்டேன். உங்களுக்கு நிறுத்தின அப்பளம், வத்தல், நார்த்தங்காய் எல்லாம் வீணாப் போகக்கூடாதேன்னு நானே தின்னு தீர்த்தேன். சமையல் உள்ளுல நின்னுண்டே சாப்பிட்டேன், உங்க கண்ணுல பட்டா உங்களுக்கு ஆசை வருமேன்னு. நீங்க அக்கா ஆத்துல ஒளிஞ்சு சாப்பிட்டேள். நான் நம்மாத்துலயே ஒளிஞ்சு சாப்பிட்டேன்.

ரெண்டு வருஷமா தினமும் கார்த்தால அந்த பி.பி. மெஷின் பட்டையை உங்க கையில சுத்தி, நம்பரை நோட்டுல எழுதினேனே. எழுநூறு நாள் இருக்கும். ஒரு நாளாவது அதை என் கையில சுத்திப் பார்க்கணும்னு எனக்குத் தோணலை. சரி, நான் மூடம். உங்களுக்குத் தோணித்தா? கையை நீட்டிண்டு எதிர்ல உட்கார்ந்திருந்தேளே, இவ கையையும் பார்ப்போம்னு ஒரு நாள் தோணித்தா? கிட்னி வேணும்னு வந்தப்பதான் எனக்கு நோய் நொடி கிடையாதுன்னு ஞாபகம் வந்தது உங்களுக்கு.

அக்காகிட்ட போய்ப் பேசுங்கோ. அப்பாவைச் சொன்னது தப்பு. அவமேல எனக்கு இருக்கற கோபம் வேற, அதை நானே நேர்ல பேசிக்கறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வரேன். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், எனக்கு வழி தெரியும். கொடுக்க வரலை, கொடுக்க என்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்லை. சமாதானமாயிட்டேன்னும் நினைக்காதீங்கோ, இந்த வருஷம் பூரா திட்டுவேன். ஆனா சமையல் உள்ளுக்குள்ள நான் போகமாட்டேன், அது இனிமே உங்களோடது. சாதம் குழைஞ்சாலும் பரவாயில்லை. நான் ருசி இல்லைன்னு தட்டைத் தள்ளுவேன். நீங்க திரும்பி என் பக்கம் தள்ளணும். எதிர்ல உட்கார்ந்து, நான் முழுங்கறேனான்னு மூஞ்சியைப் பார்த்துண்டு இருக்கணும். அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியட்டும்.

வியாழக்கிழமையே ஆரம்பிச்சுடுங்கோ. எனக்கும் சேர்த்துப் பண்ணுங்கோ, உப்பைக் குறைச்சு.

ஜாஹ்னவி